பட்டன் வைத்த இண்டக்ஷன் அடுப்பு: பார்வை குறைந்தவர்களுக்கு ஒத்துவருமா?

பார்வை மங்கியவர்கள் சமைக்கும் வீட்டுக்கு இண்டக்ஷன் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் தொடுதிரை மாடல் வேண்டவே வேண்டாம். வழவழப்பான கண்ணாடியில் எந்த இடத்தைத் தொட்டோம் என்பது விரலுக்குத் தெரியாது. ஈரக் கை பட்டால் தொடுதிரை சில நேரம் கேட்காது, சில நேரம் தானாகவே மாறிக்கொள்ளும். அமுக்கினால் 'டிக்' என்று உள்ளே போகும் பட்டன் மாடல்கள் சுமார் 2,000 ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. விலை கூடக்கூடத் தொடுதிரைதான் வருகிறது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மலிவானதே மேல்.

கடையிலேயே பிளக்கில் செருகி, தண்ணீர் வைத்த பாத்திரத்தோடு சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களைத் தடவிப் பாருங்கள்: ஒவ்வொன்றுக்கும் விளிம்பு தெரிகிறதா? ஒவ்வொரு அமுக்கலுக்கும் பீப் வருகிறதா? மைனஸை அமுக்கிக்கொண்டே போனால் கடைசிப் படியில் நிற்கிறதா, இல்லை சுற்றிக்கொண்டு மேலே போய்விடுகிறதா? சுற்றும் மாடலை வாங்காதீர்கள்.

ஏன் என்றால், திரையில் வரும் சிவப்பு எண்களை நம்பிச் சமைக்க முடியாது. கறுப்புக் கண்ணாடியில் டியூப்லைட் பளபளக்கும்போது 6, 8, 0 எல்லாம் ஒன்றுபோல் தெரியும். அதற்குப் பதில் படிகளை எண்ண வேண்டும். மைனஸை நிறைய முறை அமுக்கி அடிப்படிக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து பிளஸை எண்ணிக்கொண்டே ஏறுங்கள். படிகள் சீராக இருக்காது. 300, 500, 800 என்று தாவும். பார்வை உள்ள ஒருவரை ஒருமுறை படிக்கச் சொல்லி, 'நாலாவது படி 1000 வாட்' என்கிற மாதிரி மனப்பாடம் செய்துகொண்டால் போதும். தோசை, பால், சப்பாத்தி என்று வரிசையாக இருக்கும் மெனு பட்டன்களை மறந்துவிடுங்கள். வாட்டை நாமே கூட்டிக் குறைக்கும் கைமுறை (மேனுவல்) ஒன்றே போதும்.

ஆன்-ஆஃப், பிளஸ், மைனஸ் மூன்றுக்கு மட்டும் புடைப்புப் பொட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் வைத்தால் எதுவும் அடையாளமாக இருக்காது. பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் எம்-சீல் பசையில் மிளகளவு உருண்டை போதும். பட்டன் மேல் வைக்காமல் அதன் ஓரத்தில் ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் அமுக்குவது மந்தமாகிவிடும். பாத்திரத்தை நடுவில் வைக்க, கண்ணாடிக்கு வெளியே உள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் நான்கு பக்கமும் ஒவ்வொரு பொட்டு.

இனி சமையல். கேஸில் கிடைத்த இரண்டு வசதிகள் இதில் போய்விடும். ஒன்று, திருகின் கோணத்தைக் கையால் தடவித் தீ எவ்வளவு என்று தெரிந்துகொள்வது. மற்றொன்று காது. உள்ளே ஓடும் விசிறியின் இரைச்சலில், பால் பொங்குவதற்கு முன் வரும் சலசலப்பு அமுங்கிவிடும். பால் கொதிக்கும்போது கடகடக்கும் பழைய பால் தட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாலுக்குள் போடுங்கள், அதன் கடகடப்பு இரைச்சலை மீறிக் கேட்கும். ஃப்ரிட்ஜில் இருந்த அரை லிட்டர் பால் 800 வாட்டில் ஐந்து நிமிடத்தை ஒட்டிப் பொங்கும். ஃபோனில் குரலால் மூன்று நிமிட டைமர் வைத்துவிட்டு, அடித்ததும் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒன்றரை லிட்டர் பாத்திரம் எடுத்தால் பொங்கினாலும் சட்டென்று வழியாது.

குக்கரில் விசில் கணக்கு மாறும். சூடு வேகமாக ஏறுவதால், கேஸில் மூன்று விசிலில் வெந்த பருப்பு இதில் மூன்று விசிலில் வேகாது. முதல் விசில் வரை 1200 வாட், பிறகு 500 அல்லது 600-க்கு இறக்கி நேரத்தை வைத்து அணையுங்கள்: பச்சரிசிக்கு ஐந்து நிமிடம், துவரம்பருப்புக்குப் பத்து.

தாளிப்பில்தான் இந்த அடுப்பு சொதப்பும். தாளிப்புக் கரண்டியின் அடி சின்னது, பெரும்பாலான மாடல்கள் அதைப் பாத்திரமாகவே ஏற்காமல் பீப் அடிக்கும். தட்டை அடி உள்ள சின்ன இரும்பு வாணலி வாங்குங்கள். காயாத எண்ணெயிலேயே கடுகைப் போட்டு 500 வாட்டில் வையுங்கள், எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்கும் வேலையே இல்லை. வெடிப்பு ஓய்ந்ததும் அணைத்துவிட்டு, மிளகாயும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் அந்தச் சூட்டிலேயே.

குறைந்த வாட்டில் பல மாடல்கள் சில நொடி முழுச் சூடு, சில நொடி நிறுத்தம் என்று மாறி மாறி ஓடும். கேழ்வரகுக் கஞ்சி, பாயசம் அடிப்பிடிப்பது அதனால்தான். கனமான அடி உள்ள பாத்திரம் இதைச் சமாளிக்கும்.

தீ இல்லாததால் சேலைத் தலைப்பு பற்றும் பயம் இல்லை, அணைந்த பர்னரில் கேஸ் கசியும் பயமும் இல்லை. ஆனால் பாத்திரத்தின் சூடு கண்ணாடிக்கு ஏறியிருக்கும். அதைக் காட்ட நிறம் எதுவும் மாறாது. விசிறி நின்றாலும் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. சமைத்த பாத்திரத்தை இறக்கியதும் தண்ணீர் ஊற்றிய ஒரு சட்டியைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டால், கை நேராகக் கண்ணாடியில் படாது.

அலுமினியம், பித்தளை, மண்சட்டி எதுவும் வேலைக்கு ஆகாது. ஃப்ரிட்ஜ் காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சரி. எவர்சில்வரிலும் ஒட்டாத ரகம் உண்டு. 2000 வாட் மாடலுக்கு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். வயர் நடைபாதையில் தொங்காதபடி மேடையின் சுவர்ப் பக்கமாக, விசிறிக்குக் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுப்பை வையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.