கஞ்சில் 850 மேனுவல்: நீண்ட நாள் ஓட்டத்தில் கியர் பற்றித் தெரிந்தது

மலேசிய நிறுவனமான பெரோடுவாவின் கஞ்சில் 1994இல் வந்து 2009இல் தயாரிப்பு நின்றுபோன காடி (கார்). பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. செம்மண் பாதை, செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்வது, ஈப்போவுக்குப் போகும் பழைய சாலை என்று மூன்றும் ஒரே நாளில் வரும். அதனால் இடது கைக்கு ஓய்வே இருக்காது. வருஷக்கணக்கில் ஓட்டியதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: கியர் இறுக்கமாக விழுந்தால் கையைக் குறை சொல்லும் முன் கிளட்ச் கேபிளைப் பாருங்கள்.

சோதிப்பது சுலபம். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது லேசாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இரண்டு நிலையிலும் கடினம் என்றால் கியர் குச்சிக்கு அடியில் உள்ள புஷ்ஷையோ (சிறு உறை வளையம்) கியர் பெட்டியையோ பார்க்க வேண்டும். இன்னொன்று: கிளட்சை முழுதாக மிதித்து மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸில் சின்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. அப்போதும் 'கர்ர்' என்றால் கேபிள் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பெடலைக் கையால் அழுத்தினால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் சும்மா இறங்கி, பிறகுதான் கனம் தெரிய வேண்டும். அதைவிட அதிகம் இறங்கினால் கியர் உரசும். கொஞ்சமும் இறங்காவிட்டால் கிளட்ச் தட்டு வழுக்கித் தேயும். கேபிள் முனை நட்டைத் திருகி இதைச் சரிசெய்யலாம். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். அறுந்தால் தோட்டத்து நடுவில்தான் அறும்.

இனி கை. குச்சியை இறுக்கிப் பிடிப்பதுதான் பெரிய தவறு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு: உள்ளங்கையைக் குமிழின் வலப்பக்கம் வைத்து, இடப்பக்கம் லேசாகத் தள்ளியபடியே பின்னால் இழுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குத்தான் பலர் தடுமாறுவார்கள். நியூட்ரலுக்கு வந்ததும் பிடியைத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குச்சியைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும். அங்கிருந்து நேரே முன்னால் தள்ளினால் போதும். கையால் வலப்பக்கம் இழுத்தால் ஐந்தாவதில் போய் விழுந்து காடி திணறும்.

கியர் விழும் வாசலில் தடங்கல் தெரிந்தால் குத்தக்கூடாது. சின்க்ரோ வளையம் பித்தளை. அடுத்த கியரின் வேகத்தை உரசிச் சமப்படுத்த அதற்குக் கண்சிமிட்டும் நேரம் வேண்டும். இரண்டு விரலின் அழுத்தத்தை விடாமல் வைத்திருங்கள், தானே உள்ளே வழுக்கி விழும். கையில் அந்த வழுக்கல் பழகிவிட்டால் வேகம் தானாக வரும்.

கால் விஷயம் காதில் இருக்கிறது. இரண்டாவதில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இருக்கும் இன்ஜின் மூன்றாவதுக்கு ஏறத்தாழ 2,000க்கு இறங்க வேண்டும். பெட்ரோலை விடுவதும் கிளட்சை மிதிப்பதும் ஒன்றாக நடக்கட்டும். இன்ஜின் சத்தம் அந்த அளவுக்குத் தணிந்ததும் கிளட்சை விடுங்கள். கிளட்ச் கடிக்கும் (பிடிக்கத் தொடங்கும்) இடம் வரை சட்டென்று, கடைசி ஓர் அங்குலம் மெதுவாக. சீக்கிரம் விட்டால் உலுக்கும், ரொம்பத் தாமதித்தால் தலை முன்னால் ஆடும். சிலிப்பர் போட்டு இதைச் செய்யவே முடியாது, ஈரச் செம்மண் ஒட்டினால் பாதம் பெடலில் நிற்காது.

கியரை இறக்கும்போது முறை தலைகீழ். கிளட்ச் கீழே இருக்கையில் பெட்ரோலை ஒரு தட்டு தட்டி, சத்தம் எழுந்ததும் கியரைப் போட்டு, கிளட்சை விடுங்கள். குலை லோரியை முந்தும் முன் நான்கிலிருந்து மூன்றுக்கு இப்படி இறங்கினால் காடி குலுங்காது. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப் பக்கத்துச் சரிவில் பிரேக் சூடாகாமல் இருக்கவும் இதே பழக்கம்தான் உதவும். செம்மண் மேட்டில் மட்டும் பாதி ஏற்றத்தில் மாற்றாதீர்கள். கீழேயே இரண்டாவதைப் போட்டு ஒரே சீராக ஏறுங்கள். கிளட்ச் மிதித்த அந்த நொடியில் காடி நின்றுபோகும்.

கியர் பெட்டி எண்ணெய்: தடிப்பு 75டபிள்யூ-90, தரம் ஜிஎல்-4. ஜிஎல்-5 உசத்தி என்று சில கடைகளில் தருவார்கள், வாங்காதீர்கள். அதன் வழுவழுப்பில் சின்க்ரோவுக்குப் பிடிப்பு குறையும், அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்க்கை சில வகைகளில் பித்தளையையும் அரிக்கும். 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினோம். காடியைச் சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் திருகை முதலில் கழற்றுங்கள். அது துருவேறி அசையாவிட்டால், வடித்துவிட்ட பிறகு ஊற்ற வழியில்லாமல் போகும். ஊற்றும் துளையில் எண்ணெய் வழியத் தொடங்கினால் அளவு சரி. வடிந்த எண்ணெயை வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். பொன் நிறத் துகள் மினுங்கினால் சின்க்ரோ வளையம் கரைகிறது. மினுக்கம் நிறைய இருந்து, இரண்டாவதும் உரசினால், எண்ணெய்க்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு நல்ல ஹாஃப் கட் பெட்டி (வெட்டிப் பிரித்த பழைய காடியிலிருந்து எடுத்தது) தேடத் தொடங்குங்கள்.