என் ஜெர்மன் வங்கிக் கணக்கு: பணத்தில் குறையில்லை, பெயரில்தான் தீராத தொல்லை

அடுத்த செமஸ்டருக்கு ஜெர்மனி வரப்போகும் தோழி ஒருத்தி, "நீ வெச்சிருக்கிற பேங்க்லயே நானும் அக்கவுண்ட் ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. மாணவியாக வந்த காலம் தொட்டு, வேலைக்குப் போகும் இன்றுவரை எனக்கு அதே கணக்குதான். கிளைகளே இல்லாமல் ஆப்பில் மட்டும் இயங்கும் வங்கி அது. பெயர் வேண்டாம்.

விசாவுக்காக முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்டுவது, அதிலிருந்து மாதம் 992 யூரோ வெளியே வருவது, அது வந்து விழ இங்கே ஜிரோகோண்டோ என்னும் நடப்புக் கணக்கு தேவைப்படுவது, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிவது எல்லாம் வருகிறவர்களுக்குத் தெரிந்தவைதான். அதைத் தாண்டி, கணக்கு கைக்கு வந்தபின் நாள்தோறும் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு மிகப் பிடித்தது: லாஸ்ட்ஷ்ரிஃப்ட். மின்சாரம், செல்போன், ஜிம், காப்பீடு என்று எல்லாரும் நம் அனுமதியை வாங்கிக்கொண்டு நம் கணக்கிலிருந்து அவர்களே பணத்தை எடுத்துக்கொள்ளும் முறை இது. வந்த புதிதில் இது எனக்குப் பயமாகவே இருந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பது போல! ஆனால் எடுத்த பணத்தை எட்டு வாரத்துக்குள், காரணமே சொல்லாமல் திருப்பி வாங்க நமக்கு உரிமை இருக்கிறது. அனுமதியே கொடுக்காமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை அவகாசம். ஒப்பந்தத்தை முறைப்படி முடித்த பிறகும் ஒரு ஜிம் என் கணக்கில் கை வைத்தது. அந்த வரியைத் தொட்டு, 'திருப்பி அனுப்பு' என்பதை அழுத்தினேன். கேள்வி இல்லை, படிவம் இல்லை, பணம் திரும்பி வந்துவிட்டது. வாடிக்கையாளரை நம்பி வகுத்த விதி இது. நியாயமாகக் கட்டவேண்டிய தொகையை இப்படித் திருப்பி வாங்கினால் அபராதத்தோடு கடிதம் வரும், அது வேறு விஷயம். பணத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிடிமானம் தந்த கணக்கை நான் வேறு எங்கும் வைத்திருந்ததில்லை.

மற்றவற்றிலும் சொல்லிக்கொள்ளும்படி குறை இல்லை. மாதம் 700 யூரோ வந்தால் கட்டணம் கிடையாது. 2025 ஜனவரியிலிருந்து யூரோ நாடுகளின் வங்கிகள் உடனடிப் பரிமாற்றத்துக்கென்று தனியாகக் கூடுதல் கட்டணம் வாங்கக்கூடாது. பத்து நொடிக்குள் பணம் போய்ச் சேர்கிறது. வங்கியே விழுந்தாலும் ஒரு லட்சம் யூரோ வரை சட்டக் காப்பு உண்டு. இந்த வங்கி தரும் ஜிரோகார்டு என்னும் டெபிட் அட்டை மட்டும் ஜெர்மனிக்கு வெளியே உதவாது, பயணத்துக்கு இன்னொரு அட்டை வேண்டும்.

இப்போது பெயருக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருப்பதுபோல் என் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் கட்டம் காலி. கிவன் நேம் கட்டத்தில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கே எந்தப் படிவமும் இரண்டு கட்டங்களை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. நகர அலுவலகத்தில் இரண்டு பெயரையும் சேர்த்துக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டார்கள். வங்கி வீடியோ அழைப்பில் என் பாஸ்போர்ட்டை ஏற்கவில்லை, அடையாளத்தைச் சரிபார்க்கத் தபால் நிலையத்துக்குப் போகச் சொன்னது. அங்கே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திரையில் இருந்த இரண்டு கட்டங்களையும் எப்படியோ நிரப்பினார். அப்பா பெயர் முதற்பெயர், என் பெயர் குடும்பப் பெயர். அன்று அப்படிப் பதிவானது இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஆப்பைத் திறந்தால் 'ஹலோ' என்று என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. அப்பா பெயரைச் சுமப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என்னுடைய பெயர் எது என்று தெரியாத இடத்தில் என் சம்பளம் கிடக்கிறது என்பது உறுத்துகிறது. இந்த நாட்டில் தபால்காரர் ஃபிளாட் எண்ணைப் பார்ப்பதில்லை, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். ஆப் வங்கியாக இருந்தாலும் ரகசிய எண்ணும், அட்டையும், செயல்படுத்தும் குறியீடும் கடிதத்தில்தான் வரும். அதனால் என் தபால் பெட்டியில் மூன்று சீட்டுகள் ஒட்டியிருக்கிறேன்: வேலையிடம் எழுதும் பெயர், நகர அலுவலகம் எழுதும் பெயர், வங்கி எழுதும் பெயர். மூன்றும் நான் ஒருத்திதான்.

திருத்தச் சொல்லிக் கேட்காமல் இல்லை. பாஸ்போர்ட் நகல் அனுப்பினேன், அதில் பிரிவு இல்லை என்றார்கள். முகவரிப் பதிவுச் சான்றிதழை அனுப்பினேன், அதிலிருக்கும் கோட்டை எங்கள் அமைப்பு ஏற்காது என்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர், மறுபடி முதலிலிருந்து கதை. மரியாதையாகப் பேசுகிறார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டு பெயர்களை இடம் மாற்றிப் போடும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரிடம் என்னை யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ஹம் நகர் காமாட்சி அம்பாள் கோயிலில் ஓர் ஈழத்து அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "எங்கட பிள்ளையளுக்கு இவற்ற அப்பான்ர பேர்தான் குடும்பப் பேராப் போச்சு. வந்த நாளில பதிஞ்சதுதான், பிறகு மாத்தேலாது" என்றார். அவர்கள் பழகிவிட்டார்கள். நான் ஏன் பழகவேண்டும் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஜெர்மனியில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள் முதன்முதலாக நேற்றா வந்திறங்கினார்கள்?

இத்தனை நாள் இது மனக்கசப்பாக மட்டுமே இருந்தது. 2025 அக்டோபர் 9 முதல் அது பணப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. அன்றிலிருந்து யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரும் ஐபேன் என்னும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்து அனுப்புகிறவருக்குச் சொல்லவேண்டும். மோசடியைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு, அதை நான் வரவேற்கிறேன். சம்பளத்துக்கு இதனால் தடையில்லை. நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும்போது இந்தச் சோதனையை விலக்கிக்கொள்ளலாம். சிக்கல் தனி ஆட்கள் அனுப்பும்போதுதான். பெயர் இடம் மாறியிருந்தாலும் சில வங்கிகள் பொருந்துகிறது என்கின்றன, சில ஓரளவு பொருந்துகிறது என்கின்றன. என் வீட்டு உரிமையாளருக்கு என் வங்கியிடமிருந்து 'பொருந்தவில்லை' என்றே பதில் போனது. ஆண்டுக் கணக்கு முடித்து, வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு நான் கட்டியதில் மீதியை எனக்குத் திருப்பித் தரவேண்டியவர் அவர். அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, 'இந்தக் கணக்கு உங்களுடையதுதானா?' என்று கடிதம் எழுதினார். அவர்மேல் தப்பே இல்லை. எச்சரிக்கையை மீறி அனுப்பித் தவறான இடத்துக்குப் போனால் பொறுப்பு அவருடையது. வாடகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் இதே கணக்கிலிருந்து கட்டியவளை, கணக்கு உன்னுடையதா என்று கேட்கும்படி ஆக்கியது என் வங்கி. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தோழிக்கு என் பதில் இதுதான். உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் தனியாக இருக்கிறது, தாராளமாக இங்கேயே ஆரம்பி. இதைவிட நல்ல கணக்கை இந்தக் கட்டணத்தில் என்னால் காட்ட முடியாது. சர்நேம் காலியாக இருப்பவர்கள் கிளம்புமுன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துப் பெயரைப் பிரித்துக்கொள்வது நல்லது. நேரம் இல்லையென்றால், கட்டணம் போனாலும் பரவாயில்லை, கிளை உள்ள ஷ்பார்காஸ போன்ற வங்கிக்குப் போங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டி, அவர் தட்டச்சு செய்வதை அங்கேயே சரிபார்த்துவிட்டு எழுந்திருக்கலாம். எந்த வங்கியிலும் கணக்கு கிடைக்காதவர்கள், புகலிடம் கேட்டு வந்தவர்கள் உட்பட, அடிப்படைக் கணக்கு கேட்கலாம். 2016 ஜூன் முதல் அது சட்டப்படியான உரிமை. விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாகவேண்டும். மறுத்தால் பாஃபின் என்னும் நிதி மேற்பார்வை அமைப்பிடம் போகலாம்.

நான் மட்டும் இந்தக் கணக்கை மூடுகிறேன். கணக்கை மாற்றும்போது நிரந்தர உத்தரவுகளையும் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் பட்டியலையும் பழைய வங்கியும் புதிய வங்கியும் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. புதிய வங்கிக் கிளையில் பெயரைச் சரிபார்த்து, அதற்கான படிவத்தில் போன வாரம் கையெழுத்துப் போட்டாயிற்று.