மஞ்சளா, ஊதாவா?

இரவு 12 மணி ஆனதும் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு போன்கள் வெளிச்சம் காட்டும். ஒன்று என்னுடையது, மற்றது தங்கச்சியுடையது. நியூயோர்க் டைம்ஸின் ‘கனெக்ஷன்ஸ்’ புதிர் அந்தந்த ஊர் நள்ளிரவுக்குத்தான் மாறும். அதனால் நியூயோர்க்காரர் மத்தியானச் சாப்பாட்டை முடித்திருக்கும் நேரத்திலேயே நாங்கள் அவர்களுடைய நாளைய புதிரோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுவோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 16 சொற்கள் இருக்கும், நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும். நாலாவது பிழையோடு ஆட்டம் முடிந்துவிடும். தெரிவு செய்த நான்கில் மூன்று சரியென்றால் ‘ஒன்றுதான் தவறு’ என்று வரும், ஆனால் அது எந்த ஒன்று என்று வராது. இலகுவானது மஞ்சள், அப்புறம் பச்சை, நீலம், கடைசியாக ஊதா. எது எந்த நிறம் என்பது சேர்த்து முடித்த பிறகுதான் தெரியும்.

தங்கச்சி மஞ்சள் கட்சி. கண்ணில் முதலில் படுவதைத் தட்டிவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்பாள். பன்னிரண்டு சொல் மிஞ்சினால் பாரம் குறையும், எட்டு மிஞ்சினால் இன்னும் குறையும் என்பது அவள் கணக்கு. பிழையான கணக்கென்று சொல்ல முடியாது. பல நாட்களில் நான் மூன்றாவது கூட்டத்தில் நிற்கும்போது அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்பாள்.

நான் மறுபக்கத்திலிருந்து வருபவன். எந்தக் கூட்டத்திலும் ஒட்டாத சொல் எது என்று முதலில் தேடுவேன். ஊதாவை அங்கேதான் ஒளித்து வைத்திருப்பார்கள்.

இரண்டில் எது நல்லது என்று வாய்ச்சண்டை போட்டு அலுத்து, ஒரு நாள் கொப்பியில் தமிழிலேயே ஒரு கட்டம் போட்டு அவளிடம் நீட்டினேன்:

தை, நிலா, செத்தல், முதுகு
உப்பு, ஆனி, தோள், தேங்காய்
கழுத்து, மாசி, புல், ஆடி
வெங்காயம், இடை, சித்திரை, வயிறு

அவள் வழக்கம்போல மாதங்களில் கை வைத்தாள். தை, மாசி, ஆனி, ஆடி. பிழை. “சித்திரையும் கிடக்கே!” என்று ஆடியை எடுத்துவிட்டுச் சித்திரையைப் போட்டாள். அதுவும் பிழை. இரண்டு தடவையும் ஒன்றுதான் தவறு என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. ஐந்து சொற்களில் நான்கைத் தெரிய ஐந்து வழி உண்டு. பிழையான ஒவ்வொரு வழியிலும் மாதக் கூட்டத்தில் சேராத அந்த ஒரு சொல் உள்ளே இருக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வரும். ஆகவே அந்த அறிவிப்பால் பெரிய உதவி இல்லை. குருட்டுவாக்கில் போனால் நான்கு உயிரையும் மாதத்திலேயே தொலைக்கலாம்.

அதே கட்டத்தை என் வழியில் பாருங்கள். ‘நிலா’வுக்குத் துணை இல்லை. ‘புல்’லுக்கும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாய்விட்டுச் சொன்னால், திருகோணமலைக்காரருக்கு ஒன்று தட்டுப்படும்: பக்கத்து ஊர் நிலாவெளி, பிறகு புல்வெளி. அப்படியென்றால் இன்னொரு ஊர், உப்புவெளி. அப்படியென்றால் இடைவெளி. உப்பு போனதும், இடித்த சம்பலுக்குப் போடும் சாமான்களில் தேங்காய், செத்தல் மிளகாய், வெங்காயம் மட்டும் நிற்கின்றன. நாலாவது மாசிக் கருவாடுதான், மாசி மாதம் இல்லை. இடை போனதும் உடம்பில் சரியாக நான்கு. மாதத்திலும் சரியாக நான்கு. ஒரு முடிச்சை அவிழ்த்ததும் மற்ற மூன்றும் தானாகக் கழன்றன.

ஆனால் தங்கச்சி விடவில்லை. “இது நீங்களே போட்ட கட்டம்தானே அண்ணா, உங்களுக்கு வாய்க்காமல் என்ன?” என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது. இலகுவான கூட்டத்துக்கு நான்கே நான்கு சொற்கள்தான் பொருந்தும் என்றால் என் சுற்றுவழி வீண் வேலை. எண்ணிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்: நான்கு என்றால் தட்டு, ஐந்து என்றால் தொடாதே. அவள் எண்ணுவதில்லை. நான் எண்ணுகிறேன், ஆனால் நான்கு இருந்தும் சந்தேகப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறேன்.

ஊதாவை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது நம்மவர்களுக்கு மட்டும் பொருந்துவது. 2023 ஜூன் 12ஆம் திகதி வந்த முதல் புதிரையே எடுங்கள். மஞ்சளில் மழை, பனி, ஆலங்கட்டி. சரி. பச்சையில் அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள்: பக்ஸ், ஹீட், ஜாஸ், நெட்ஸ். நீலத்தில் கணினி விசைகள். ஊதாவில் இருபுறமும் ஒன்றாக வாசிக்கும் சொற்கள்: கயாக், லெவல், மொம், ரேஸ்கார். நியூயோர்க்கில் இருப்பவருக்குப் பச்சை இலகுதான். எனக்கு ஜாஸ் என்றால் இசை, ஹீட் என்றால் வைகாசி வெயில். ஊதாவுக்கோ அமெரிக்காவைத் தெரிந்திருக்கவே தேவையில்லை, எழுத்தைப் பார்த்தால் போதும். ‘திகதி’யைத் திருப்பி வாசித்தாலும் திகதிதான். நம் கோணமலையைப் பாடிய சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். விகடகவி சொல்லி வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன? அவர்கள் பூசும் நிறம் அவர்களுடைய கஷ்டத்தின் அளவு. நம்முடையதை நாமே அளக்க வேண்டியதுதான்.

இதற்காக ஊதா எப்போதும் கைகொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். விடுபட்ட சொல்லை நிரப்பும் வகையில், நிரப்பவேண்டியது ஏதாவது அமெரிக்க மிட்டாயின் பெயராக இருந்தால் நானும் கையை விரிப்பேன். அந்த நாட்களில் தங்கச்சியின் வழிதான் சரி: தெரிந்த மூன்றைக் கழித்துவிட்டால் நாலாவது என்னவென்றே தெரியாமல் ஊதா விழுந்துவிடும்.

சொற்களைக் கலைத்துப்போடும் பொத்தானை இரண்டு கட்சியும் பாவிக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஏமாற்றுவது அவர்கள் வேலை, அதைக் குலைப்பது நம் வேலை. பிபிசியின் ‘ஒன்லி கனெக்ட்’ வினாடிவினா நிகழ்ச்சியிலும் 16 சொல் சுவர் ஒன்று உண்டு, அங்கே இரண்டரை நிமிடம்தான். இங்கே கடிகாரமே இல்லை. காலையில் பல் விளக்கும்போது வந்து சேர்ந்த விடைகள் எனக்கு நிறைய.

மூன்றாவது வழி, இணையத்தில் குறிப்புத் தேடுவது. கூட்டத்தின் தலைப்பை மட்டும் பார்த்தேன் என்பார்கள். கண் அங்கேயே நிற்பதில்லை, விரல் கீழே இழுத்துவிடும். போன கிழமை தங்கச்சி அப்படிப் பார்த்துவிட்டு, பிழையே விடாமல் முடித்ததாக, எதை எந்த வரிசையில் சேர்த்தாள் என்று காட்டும் நிறக் கட்டங்களை எனக்கு அனுப்பினாள். முதல் வரியே ஊதா. மஞ்சள் கட்சிக்காரி அங்கேதான் பிடிபட்டாள்.