கேட்டி டெய்லர் – அமண்டா செரானோ மூன்றாவது சண்டை, நெட்ஃபிளிக்ஸ் நேரலை: கையை விடுங்கள், காலைப் பாருங்கள்

சனிக்கிழமை விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து பார்த்த பெண்கள் குத்துச்சண்டை இது. நியூயார்க்கில் அப்போது 2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை இரவு. இடம் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். அன்றைய பட்டியலில் இருந்த எல்லாச் சண்டைகளுமே பெண்களுடையவை. சந்தா இருந்தால் போதும், தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. பெரிய சண்டை என்றாலே ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கேட்டுப் பழகிய ஆட்டத்தில் இது பெரிய விஷயம். படம் தெளிவாக வந்தது, எனக்கு எங்கேயும் நிற்கவில்லை.

சண்டை முடிந்ததும் பலர் சலித்துக்கொண்டார்கள். 2022-இல் இதே அரங்கில் நடந்த முதல் சண்டையில் ஐந்தாவது சுற்றில் டெய்லர் விழுந்தேவிடுவார் என்று தோன்றியது, மூக்கிலிருந்து ரத்தம், கால் தடுமாற்றம், அங்கிருந்து மீண்டு வந்து பிளவுபட்ட தீர்ப்பில், அதாவது மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் அவருக்குக் கொடுத்ததில், வென்றார். 2024 நவம்பரில் டெக்சாஸில் நடந்த இரண்டாவது அதைவிட மூர்க்கமானது. மூன்று நடுவர்களும் சுற்றுக்குச் சுற்று போட்ட புள்ளிகளைக் கூட்டி 95-94 என்று டெய்லருக்கே கொடுத்தார்கள், செரானோதான் வென்றார் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் ஏராளம். அந்த இரண்டையும் பார்த்தவர்களுக்கு மூன்றாவது சப்பென்று இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

டெய்லர் வெறும் குத்துச்சண்டைக்காரர் இல்லை. அயர்லாந்தில் டப்ளினுக்குத் தெற்கே பிரே என்ற கடலோர ஊரில் 1986-இல் பிறந்தவர். சின்ன வயதில் கேலிக் கால்பந்து ஆடினார், மட்டையும் பந்தும் வைத்து ஐரிஷ் பெண்கள் ஆடும் கமோகி ஆடினார், அப்புறம் நாம் ஆடுகிற கால்பந்து. கால்பந்தில் அயர்லாந்து தேசிய அணிக்காகவே 11 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். ஒரு நாட்டின் சட்டையை இரண்டு விளையாட்டுகளில் போடுவது எவ்வளவு பெரிய விஷயம்! குத்துச்சண்டையோ அப்போது பெண்களுக்கு அங்கே அனுமதியே இல்லை. தலைமுடியைத் தலைக்கவசத்துக்குள் சொருகிக்கொண்டு, பெயரை ‘கே. டெய்லர்’ என்று மட்டும் கொடுத்து, பையன்களோடு பையனாக மோதியிருக்கிறார். 2001 அக்டோபர் 31 அன்று டப்ளினில் அயர்லாந்தின் முதல் அதிகாரபூர்வமான பெண்கள் குத்துச்சண்டை நடந்தபோது வளையத்துக்குள் நின்ற இருவரில் ஒருவர் இவர். வயது 15.

முதல் உலகப் பட்டம் கிடைத்தது எங்கே தெரியுமா? புது தில்லியில், 2006-இல், 60 கிலோ பிரிவில். அதே போட்டியில்தான் மேரி கோமும் கேரளத்தின் கே.சி. லேகாவும் தங்கம் வாங்கினார்கள். அதிலிருந்து தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்கள். 2012-இல் லண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்ததும் தங்கம். 2016 ரியோவில் காலிறுதியிலேயே தோற்று, அதே வருடக் கடைசியில் தொழில்முறைக்கு வந்தார்.

சரி, சண்டைக்கு வருகிறேன். செரானோ இடதுகைக்காரர், ஏழு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் பார்த்தவர், அடியில் பயங்கர கனம். டெய்லர் வலதுகைக்காரர். இப்படி இருவர் எதிரெதிரே நின்றால் முன்னங்கால்கள் ஒன்றுக்கொன்று நேராக வந்துவிடும். யார் தன் முன்னங்காலை மற்றவர் காலுக்கு வெளிப்பக்கம் வைக்கிறாரோ அவருக்குத்தான் பின்கைக் குத்துக்கு வழி திறக்கும். காலுக்காக முட்டி மோதும்போது தலையும் மோதும். இரண்டாவது சண்டையில் செரானோவின் வலது கண்ணுக்கு மேலே அவ்வளவு ஆழமாக வெட்டு விழுந்ததும் தலைமோதலில்தான், தலைமோதல்கள் தொடர்ந்ததால் டெய்லர் ஒரு புள்ளியும் இழந்தார்.

மூன்றாவதில் டெய்லர் நின்று அடித்துக்கொள்ளவே இல்லை. வருவார், இரண்டு குத்து, உடனே பக்கவாட்டில் நழுவிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் அக்கா மகள் பள்ளிக் கால்பந்து அணியில் தடுப்பு ஆட்டக்காரி. மூன்றாவது சுற்றில், “சித்தி, இவங்க பின்னாடி ஓடல. பந்து வெச்சிருக்கிறவங்களை ஓரத்துக்குத் தள்ற மாதிரியே பண்றாங்க” என்றாள். அதற்கப்புறம் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. எட்டு வைக்கும்போது எடையை முழுக்க ஒரு காலில் போடாமல் அரைக்காலில் நிறுத்தி வைப்பது, எதிராளி பாயும் நொடியில் திசையை மாற்றுவது எல்லாம் புல்தரையில் பழகிய கால்கள்தான் என்று எனக்குப் படுகிறது. 39 வயதில்! தீர்ப்பு 97-93, 97-93, ஒரு நடுவர் மட்டும் சமன் என்று 95-95. மூன்றாவது முறையும் டெய்லருக்கே. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

ஒரு குறை, பொதுவாக எல்லாக் குத்துச்சண்டை ஒளிபரப்புக்கும் உள்ளது. கேமரா இடுப்புக்கு மேலேயே சுற்றும். தூரத்திலிருந்து முழு உருவமும் தெரியும் காட்சி வரும்போது விடாதீர்கள், சண்டை அங்கேதான் நடக்கிறது. இன்னொன்று, பெண்களின் பெரிய சண்டைகளில் பெரும்பாலும் சுற்று இரண்டு நிமிடம், பத்துச் சுற்று. ஆண்களின் பெரிய சண்டைகளில் மூன்று நிமிடம், பன்னிரண்டு சுற்று. இடைவேளை நீங்கலாக மொத்தம் இருபதே நிமிடச் சண்டை என்பதால் டீ போட எழுந்தால் ஒரு சுற்று போய்விடும்.

டெய்லரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம். 2022 சண்டையை முதலில் பாருங்கள். முடிந்தால் 2023-இல் டப்ளினில் இங்கிலாந்தின் சாண்டல் கேமரூனோடு மோதிய இரண்டையும். தொழில்முறைக்கு வந்து ஆறரை வருடம் கழித்துத்தான் மே மாதம் முதல்முறையாகச் சொந்த மண்ணில் மோதினார், அதில் தோற்றார், தொழில்முறையில் அந்த ஒரே தோல்விதான். நவம்பரில் அதே அரங்கில், அதே ஆளை வென்றார். அதையும் பார்த்துவிட்டு மூன்றாவது செரானோ சண்டைக்கு வந்தால் அந்தக் கால்கள் ஏன் அவ்வளவு நிதானமாக இருக்கின்றன என்று தெரியும்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அக்கா மகள் ஐந்து கொடுக்கச் சொல்கிறாள், திங்கட்கிழமை பயிற்சியில் அந்தப் பக்கவாட்டு நழுவலைப் போட்டுப் பார்க்கப் போகிறாளாம்.