மீட்ட நாய் தேறுவதற்கு: காப்பகமா, தற்காலிக வளர்ப்பு வீடா?

அடிபட்ட நாயை மீட்டவர்கள், தத்து கொடுக்கும்வரை அதை எங்கே வைப்பது என்று தயங்குவது இயல்பே.

செலவு: காப்பகத்தில் மருந்தும் உணவும் பொதுச் செலவில் சேரும், வீட்டிலோ யார் எதை ஏற்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

தொற்று: நாய்களுக்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும் என்பதால், தடுப்பூசி முடியாத குட்டிக்கு நெரிசலான காப்பகம் ஆபத்தானது, வீட்டிலும் வேறு நாய்கள் இருந்தால் முதல் 2 வாரம் தனியறை தேவை.

மனநிலை: இதில் வீடே வெகுவாக முந்துகிறது. காப்பகத்தின் ஓயாத குரைப்பில் மூலையில் ஒடுங்கிக் கிடந்து, ஆள் நகர்ந்த பிறகே தட்டை நெருங்கிய நாய்கூட, வீட்டில் பாத்திரச் சத்தத்துக்கும் அழைப்பு மணிக்கும் பழகி, மெல்லக் கையிலிருந்தே உண்ணத் தொடங்கும்; அதன் குணத்தைத் தத்தெடுப்பவரிடம் உள்ளபடி சொல்லவும் முடியும்.

குளுக்கோஸ் ஏற்றுவதும் அன்றாடம் காயக்கட்டு மாற்றுவதும் தேவைப்படும்வரை மருத்துவர் உள்ள காப்பகமே ஏற்றது. எலும்பு கூடிவரும் நாய்க்கும் மனிதரைக் கண்டு மிரளும் நாய்க்கும் வீட்டையே உறுதியாகப் பரிந்துரைப்பேன்.