டெஸ்ட் லேம்ப்பா, டைமிங் லைட்டா, காதா? பழைய அம்பாசடருக்கு எது?

1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடருக்கு டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், வைக்க மூன்று வழி உண்டு. எதில் இறங்கினாலும் முதல் வேலை பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடுப்பின் இடைவெளி): ஃபீலர் கேஜில் 0.35–0.40 மி.மீ. டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் வைத்ததெல்லாம் போச்சு. கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து அட்வான்ஸ் ஏறிவிடும், அதாவது பொறி முந்திவிடும்.

டெஸ்ட் லேம்ப்புக்கு 12 வோல்ட் பல்பும் இரண்டு ஒயரும் போதும். ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டரின் சன்ன ஒயர் முனையிலும் மற்றதை எர்த்திலும் மாட்டி, இக்னிஷனைப் போடுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் ஏறும்போது, கிராங்க் புல்லியின் விளிம்பிலுள்ள காடி (சிறு வெட்டு) மேனுவல் சொல்லும் டிகிரிக்கு வரும்வரை ஹேண்டிலால் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுக்கக் கூடாது, செயினின் தொய்வு கணக்கைக் கெடுக்கும். கால் சுற்று பின்னே போய் மறுபடி முன்னே வர வேண்டும். கிளாம்பைத் தளர்த்தி, பல்பு அணையும்வரை டிஸ்ட்ரிபியூட்டரை இடஞ்சுழியாகத் திருப்பி, பிறகு வலஞ்சுழியாக மெல்லக் கொண்டுவாருங்கள். பல்பு எரிந்த கணமே பாயிண்ட் திறக்கும் இடம், அங்கேயே இறுக்குங்கள்.

கழற்றிப் பூட்டிய என்ஜினை முதல்முறை கிளப்ப இது போதும். ஆனால் ஓடும்போது உள்ளே நடப்பது இதில் தெரியாது.

அதற்குத்தான் டைமிங் லைட்: முதல் பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்து, கிளிப்பை முதல் பிளக் ஒயரில் மாட்டி, காடியில் சாக்பீஸ் தடவி, ஐடிலிங்கைத் தணித்துப் பாருங்கள். கோடு ஒரே இடத்தில் நின்றால் நல்லது. இரண்டாகத் தெரிந்து ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கோடு வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். சிக்கித் தாவினால், வேகம் ஏற ஏறப் பொறியை முந்த வைக்கும் அட்வான்ஸ் வெயிட்டில் துரு. ஐடிலிங்குக்குத் திரும்பியும் கோடு பழைய இடத்துக்கு வராவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஒரு ஆபத்து: அந்த வெளிச்சத்தில் சுற்றும் ஃபேன் நிற்பதுபோலத் தெரியும். சட்டைக் கை, ஒயர், விரல் எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

காதால் வைப்பது பல ஷெட்டுகளில் பழக்கம்: ஐடிலிங் எங்கே ஏறுகிறதோ அங்கே இறுக்குவது. லோடு இல்லாத என்ஜின் தேவைக்கு மீறிய அட்வான்ஸையும் ஏற்கும். அதே வண்டி டாப் கியரில் மேடு ஏறும்போது கடகடவென்று நாக்கிங் கொடுக்கும், பிஸ்டன் அடிவாங்கும். காதை ரோட் டெஸ்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: நாக்கிங் கேட்டால் டிஸ்ட்ரிபியூட்டரை இடஞ்சுழியாக ஒரு மயிரிழை திருப்பினால் போதும்.

காசு ஒன்றுக்குத்தான் என்றால் டைமிங் லைட். புஷ் ஆடினால் அந்தக் காசு முதலில் புஷ்ஷுக்கு.