ஓடிபி, அத்தென்டிகேட்டர் செயலி, பாஸ்கீ, வன்பொருள் சாவி: பாதுகாப்பு எதில், பிடி யாரிடம்?

கடவுச்சொல் மட்டும் போதாது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. அதற்கு மேல் எதைச் சேர்ப்பது என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது. பெரும்பாலான சேவைகளின் அமைப்புகள் பக்கம் நான்கு வழிகளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது: குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, அவ்வப்போது மாறும் எண்ணைத் தரும் அத்தென்டிகேட்டர் செயலி, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் சேமிக்கப்படும் பாஸ்கீ, யூஎஸ்பி வடிவிலான வன்பொருள் சாவி. பாதுகாப்பு எவ்வளவு என்பதை மட்டும் வைத்து இவற்றை இதே வரிசையில் கீழிருந்து மேலாக அடுக்குவது வழக்கம். அந்த அடுக்கு சரியானதே. ஆனால் அது பாதிக் கணக்கு. கைப்பேசி தொலைந்துபோன அன்று உங்களை மீண்டும் உள்ளே விடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்காக வைத்திருக்கும் மீட்பு வழி எதுவோ, திருட வருபவரும் முதலில் அதைத்தான் முயன்று பார்ப்பார்.

குறுஞ்செய்தி ஓடிபியிலிருந்து தொடங்கலாம். எதையும் நிறுவத் தேவையில்லை, பழைய பட்டன் போனிலும் வந்து சேரும், போன் தொலைந்தாலும் அதே எண்ணில் புதிய சிம் வாங்கினால் வேலை முடிந்தது. அதன் பலவீனமும் இந்தக் கடைசி வசதியில்தான் இருக்கிறது. எண் உங்களுடையது என்று நீங்கள் நினைத்தாலும், அது எந்த சிம்மில் இயங்க வேண்டும் என்று தீர்மானிப்பது தொலைத்தொடர்பு நிறுவனமே. அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரை ஏமாற்றியோ விலைக்கு வாங்கியோ எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்பவருக்கு, அந்த நொடியிலிருந்து உங்கள் ஓடிபிகள் அனைத்தும் போய்ச் சேரும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜாக் டோர்சியின் கணக்கிலிருந்தே வேறு யாரோ பதிவுகள் இட்டதற்குக் காரணம், அவரது கைப்பேசி எண் இவ்வாறு கைமாறியதுதான்.

இருந்தாலும் ஓடிபியை ஒரேயடியாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மீட்பு எண்ணுக்கு அனுப்பப்பட்ட குறுஞ்செய்திக் குறியீடு பாட் எனப்படும் தானியங்கி நிரல்களின் தாக்குதல்களில் 100 சதவீதத்தையும், போலிப் பக்கங்களைக் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்க மொத்தமாக வலைவீசும் ஃபிஷிங்கில் 96 சதவீதத்தையும், குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்து நடத்தும் தாக்குதலில் 76 சதவீதத்தையும் தடுத்தது. ஒன்றுமே இல்லாமல் இருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

எனக்கு ஓடிபியின் மீதுள்ள பெரிய மனக்குறை தனியுரிமை சார்ந்தது. பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கப்படும் எண், பாதுகாப்புக்காக மட்டுமே பயன்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2013 முதல் 2019 வரை ட்விட்டர் அவ்வாறு பெற்ற எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் விளம்பரங்களைக் குறிவைக்கப் பயன்படுத்தியது. அதற்காக 2022இல் அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கண்காணிக்கும் எஃப்டிசி ஆணையம் அந்நிறுவனத்துக்கு 15 கோடி டாலர் அபராதம் விதித்தது. இதோடு செலவும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் நிறுவனம் பணம் கட்ட வேண்டியிருப்பதால், இந்த வசதியை அது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 2023இல் ட்விட்டர் கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று இதைச் சுருக்கியபோது, மற்றவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அடுத்தது அத்தென்டிகேட்டர் செயலி. நான்கில் நான் அதிகம் மதிக்கும் வழி இதுதான். பாதுகாப்பில் இது முதலிடத்தில் இல்லை. ஆனால் இதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சாதாரணப் பயனரும் முழுமையாகப் புரிந்துகொள்ளலாம், கையாளலாம். ஒரு தளத்தில் இதைச் செயல்படுத்தும்போது திரையில் கியூஆர் குறியீடு ஒன்று தோன்றும். அதன் கீழே, ஸ்கேன் செய்ய இயலாதவர்களுக்கு என்று சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சரம் வரும். கியூஆர் குறியீட்டுக்குள் இருக்கும் முக்கியப் பொருள் அந்த ரகசியச் சரம்தான். செயலி அந்தச் சரத்தையும் அப்போதைய நேரத்தையும் ஒரு கணக்கீட்டில் இட்டு, 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண்ணைத் தருகிறது. தளமும் தன் பக்கத்தில் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இணைய இணைப்பும் தேவையில்லை, சிம்மும் தேவையில்லை, எந்த நிறுவனத்துக்கும் எண் தர வேண்டியதும் இல்லை. 2011இல் யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த நியமமாக வெளியான முறை என்பதால், ஒரே சரத்தை இரண்டு கைப்பேசிகளில் ஏற்றலாம், தாளில் எழுதிப் பூட்டி வைக்கலாம், செயலி பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு மாறலாம்.

இந்தச் சுதந்திரம் நியமத்தில் இருக்கிறதே தவிர, எல்லாச் செயலிகளிலும் இல்லை. ட்விலியோ நிறுவனத்தின் ஆத்தி செயலியில் ரகசியச் சரங்களை வெளியே எடுத்துச்செல்லும் வசதி கிடையாது. 2024 மார்ச்சில் அதன் கணினிப் பதிப்பு நிறுத்தப்பட்டபோது, வேறு செயலிக்கு மாற விரும்பியவர்கள் ஒவ்வொரு தளமாகச் சென்று புதிதாக அமைக்க நேர்ந்தது. கூகுள் அத்தென்டிகேட்டரோ 2023 ஏப்ரலில் மேகச் சேமிப்பு வசதியைச் சேர்த்தபோது, முனைக்கு முனை குறியாக்கம் இல்லாமலேயே அதை வெளியிட்டது. அதாவது சரங்கள் கூகுளால் படிக்கக்கூடிய நிலையில் அதன் சர்வர்களுக்குச் சென்றன. ஆண்ட்ராய்டில் இயங்கும் ஏஜிஸ் போன்ற திறந்த மூலச் செயலிகள், எல்லாவற்றையும் கடவுச்சொல்லால் பூட்டிய ஒரே கோப்பாக எடுத்து வைக்க விடுகின்றன. செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் ஏற்றுமதி வசதி, அதாவது சரங்களை வெளியே எடுத்துச்செல்லும் வசதி, உண்டா என்று பார்ப்பதே போதுமான சோதனை என்பேன்.

இதன் பெருங்குறை ஃபிஷிங். உண்மையான தளத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் நீங்கள் கடவுச்சொல்லை இட்டதும் அது அடுத்ததாக ஆறு இலக்க எண்ணைக் கேட்கும்; நீங்கள் தந்ததும், பின்னால் இயங்கும் நிரல் அந்த 30 நொடிக்குள் அதை உண்மையான தளத்தில் இட்டு உள்ளே நுழைந்துவிடும். எண் சரியானது, நேரமும் சரியானது, நுழைந்தவர் மட்டும் வேறு ஆள். மனிதர் தட்டச்சு செய்யும் எந்தக் குறியீட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

பாஸ்கீ இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. உங்கள் சாதனத்தில் ஒரு தனிச் சாவியும் தளத்திடம் அதற்கு இணையான பொதுச் சாவியும் இருக்கும். தளம் அனுப்பும் சவாலில் தனிச் சாவி கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். சாவி எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்த முகவரியில் மட்டுமே அது வேலை செய்யும்படி உலாவி பார்த்துக்கொள்கிறது. ஓர் எழுத்து மாறிய போலி முகவரி உங்கள் கண்ணை ஏமாற்றலாம், உலாவியை ஏமாற்றாது. தளத்தின் தரவுத்தளமே திருடுபோனாலும் அதில் கிடைப்பது பொதுச் சாவிதான். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கைரேகை தளத்துக்குப் போய்விடுமோ என்று பலர் அஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். அது சாதனத்தை விட்டு வெளியே செல்வதில்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் பிடி எங்கே நழுவுகிறது என்றால், ஒத்திசைவில், அதாவது சாவிகளை ஒரு கணக்கின் வழியே எல்லாச் சாதனங்களுக்கும் கொண்டுசேர்ப்பதில். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் இணைந்து ஆதரவு அறிவித்த பிறகு பாஸ்கீ பரவலானது; அவ்வாறு பரவியபோது பெரும்பாலோரின் சாவிகள் இயல்பாகவே அந்த நிறுவனங்களின் கணக்குகளுக்குள் போய் அமர்ந்தன. குறியாக்கம் இருப்பதால் அவர்களால் சாவியைப் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு கணக்கு முடக்கப்பட்டால், அதனுடன் ஒத்திசைந்த சாவிகளை எல்லாம் மீட்பது பெரும்பாடாகிவிடும். ஒரு நிறுவனத்தின் சாதனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோருக்குச் சாவிகளை உடன் எடுத்துச்செல்ல வழியே இல்லாமல் இருந்தது. அதற்கான நியமத்தின் வரைவை பாஸ்கீக்கான நியமங்களை வகுக்கும் ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில்தான் வெளியிட்டது. பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற தனிக் கடவுச்சொல் மேலாளர்களில் பாஸ்கீயைச் சேமிப்பது இந்தச் சிக்கலைப் பெருமளவு தளர்த்துகிறது என்பதால், பொறுமை உள்ளவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

வன்பொருள் சாவியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்கீயின் அதே தொழில்நுட்பம், நகலெடுக்க முடியாத சிறு கருவிக்குள் இருக்கிறது. 2022இல் இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேரின் ஊழியர்கள் சிலர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தந்த பிறகும் தாக்கியவர்களால் உள்ளே நுழைய முடியாமல் போனதற்கு இந்தச் சாவியே காரணம். அதே காலத்தில் அதே வகைத் தாக்குதலுக்கு ட்விலியோ இரையானது. குறைகள் நடைமுறை சார்ந்தவை. ஒன்று தொலைந்தால் மற்றொன்று வேண்டும் என்பதால் இரண்டு வாங்கி, ஒவ்வொரு தளத்திலும் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். கருவிக்குள்ளேயே இயங்கும் உள்நிரலைப் புதுப்பிக்க இயலாத வகைகளும் உண்டு. 2024 செப்டம்பரில் யூபிகீ என்ற வகையின் பழைய சாவிகளின் சிப்பில் ஒரு பலவீனம் வெளிப்பட்டபோது, அவற்றைத் திருத்த வழியில்லை. அந்தத் தாக்குதலுக்குச் சாவியே கையில் கிடைக்க வேண்டும், விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும் என்பதால் சாமானியர் அஞ்ச வேண்டியதில்லை.

எதைத் தேர்வது என்றால், எல்லாக் கணக்குக்கும் ஒரே விடை கிடையாது. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றித் தரும் முதன்மை மின்னஞ்சலுக்கு இரண்டு வன்பொருள் சாவிகளோ, பாஸ்கீயும் தாளில் அச்சிட்ட மீட்புக் குறியீடுகளுமோ (மற்ற வழிகள் கைவிட்டால் உள்ளே நுழையத் தளம் முன்கூட்டியே தருபவை) பொருத்தம். அதைச் செய்த கையோடு, அந்தக் கணக்கில் மீட்பு வழியாக இருக்கும் கைப்பேசி எண்ணை நீக்கிவிட வேண்டும்; பாஸ்கீயைச் சேர்த்துவிட்டு ஓடிபியையும் விட்டுவைத்தால், கணக்கின் பாதுகாப்பு ஓடிபியின் அளவிலேயே நிற்கும். மற்றவற்றுக்கு ஏற்றுமதி வசதியுள்ள அத்தென்டிகேட்டர் செயலி தாராளமாகப் போதும். தொழில்நுட்பத்தோடு மல்லுக்கட்ட விருப்பமோ நேரமோ இல்லாதவர், போனில் இயல்பாகக் கிடைக்கும் பாஸ்கீயையே ஏற்றுக்கொள்ளலாம். அவருக்கு ஃபிஷிங் தரும் ஆபத்து, நிறுவனத்தைச் சார்ந்திருப்பதன் ஆபத்தை விடப் பெரியது.

குறுஞ்செய்தி ஓடிபியைத் தவிர வேறு எதையும் ஏற்காத சேவைகள் இன்னும் உள்ளன. வங்கிகள் பல அந்த வகை. அங்கே செய்யக்கூடியது குறைவுதான். சிம்முக்கு PIN எண் இடுவது, எண்ணை வேறு சிம்முக்கோ நிறுவனத்துக்கோ மாற்றுவதைத் தடுக்கும் பூட்டைத் தொலைத்தொடர்பு நிறுவனம் தந்தால் அதைக் கேட்டுப் பெறுவது, பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அறிவிப்பை மாற்றுவது ஆகிய மூன்றும் சில நிமிட வேலைகள். காரணமின்றி சிக்னல் நீண்ட நேரம் போய்விட்டால், வேறொரு போனிலிருந்து முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் அடுத்து வங்கியையும் அழைக்க வேண்டும்.